பவளத்துக்கு இடைவெளி குடுங்க: காலநிலை மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வருஷா வருஷம் காலநிலை மாநாட்டுல கூடுறீங்க, தீர்மானத்துல வர்ற ஒத்தை வார்த்தைக்காக விடிய விடிய பேசுறீங்க, அந்த வார்த்தையோட வெயிட்டு உங்களுக்குத் தெரியும்ங்கிறதாலதான் இந்த மடல உங்களுக்கு எழுதுறேன். பவளப்பாறை பத்தித்தான். அது வெளுக்குறதப் பத்தி யார் பேசுனாலும் இரங்கல் செய்தி வாசிக்குற மாதிரியே இருக்கு, எனக்கு அதுதான் மனசு கேக்கல. வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லீங்க. உயிரோடதான் இருக்கு, பட்டினி கெடக்கு.

பவளம்ங்கிறது பாறையும் இல்ல செடியும் இல்ல, குட்டிக் குட்டி உயிருங்க ஒண்ணா சேந்து சுண்ணாம்புக் கூடு கட்டி வாழுற கூட்டம், அதோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு, அந்தப் பாசி வெயில வச்சு உணவு தயாரிச்சு பவளத்துக்கும் குடுக்கும், பவளத்துக்கு வேணுங்குற சத்துல 90 சதவீதம் வரைக்கும் அதுகிட்டேந்துதான் வருது, நாம ரசிக்குற அந்தக் கலர்லயும் பெரும்பங்கு பாசியோடதுதான். தண்ணியோட சூடு வழக்கமான கோடை உச்சத்த விட வெறும் 1 டிகிரி ஏறி சில வாரம் எறங்காம நின்னா போதும், பாசியோட வேலை தடுமாறிப் போயி பவளத்துக்கே நஞ்சா மாறிடும், வேற வழியில்லாம பவளம் அத வெளிய தள்ளிடும். அப்ப கண்ணாடி மாதிரி ஆயிட்ட சதை வழியா கீழ இருக்குற வெள்ளைக் கூடு தெரியுது பாருங்க, அதுதான் வெளுப்பு. சூடு சீக்கிரம் தணிஞ்சா பாசி திரும்பக் குடியேறும், பவளம் பொழைச்சுக்கும். தணியலைன்னா பட்டினிலயே போயிடும்.

அப்ப பவளம் உங்ககிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு, நாள். ஒரு வெப்பத்துக்கும் அடுத்த வெப்பத்துக்கும் நடுவுல இடைவெளி.

1980கள் தொடக்கத்துல ஒரே இடத்துல மோசமான வெளுப்பு திரும்ப வர்றதுக்கு 25, 30 வருஷம் ஆகும்ங்கிற நிலைமை இருந்துச்சு, 2018ல வந்த ஆய்வு அது சுமார் 6 வருஷமா சுருங்கிடுச்சுன்னு சொல்லுது. வேகமா வளர்ற பவள இனங்களுக்கே தேறி வர 10 வருஷமாவது வேணும், மெதுவா வளர்றதுக்கெல்லாம் பல பத்து வருஷம். கணக்கு இங்கதான் ஒதைக்குது. ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப்ல பெரிய அளவு வெளுப்பு வந்த வருஷங்கள வரிசையா சொல்றேன், 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024, 2025. இத ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பாருங்க. ஆரம்பத்துல மூச்சு விட நேரம் இருக்கு, போகப் போக இல்ல.

உலகம் முழுக்க பரவுற வெளுப்பு 1998ல, 2010ல, அப்புறம் 2014லேந்து 2017 வரைக்கும் வந்துச்சு, நாலாவது 2023ல ஆரம்பிச்சு 2024 ஏப்ரல்ல அதிகாரபூர்வமா அறிவிச்சாங்க. உலகத்துப் பவளப்பாறைப் பரப்புல சுமார் 84 சதவீதம் வெளுக்குற அளவு சூட்ட இந்த ஒரு தடவையில பாத்திருக்கு. அமெரிக்காவோட நோவாங்குற கடல், வானிலை ஆய்வு அமைப்பு சேட்டிலைட் வச்சு எந்தக் கடல்ல எத்தன வாரம் எவ்வளவு சூடுன்னு கணக்கு போட்டு எச்சரிக்கை குடுக்குது, அதுல 2ம் நிலைதான் உச்சம்னு இருந்துச்சு, 2023 கோடைக்கு அப்புறம் அது பத்தாம 3, 4, 5ன்னு புது நிலைகள சேத்தாங்க. அளவுகோலையே நீட்ட வேண்டியதாப் போச்சு.

சரி, பவளத்த நர்சரில வளத்து நடலாமேன்னு கேப்பீங்க. நடுறவங்கள நான் மனசார கும்புடுறேன். ஆனா 2023ல ஃப்ளோரிடாவுல என்னாச்சு, கடல்ல நர்சரி போட்டு வருஷக்கணக்கா வளத்த பவளத்தையெல்லாம் தண்ணி தாங்க முடியாத சூடானதால அவசர அவசரமா வெளிய எடுத்து கரையில இருக்குற தொட்டிகளுக்கு மாத்துனாங்க. கடலுக்குன்னு வளத்தத கடல்லேந்தே காப்பாத்த வேண்டிய நெலமை. சூடு தாங்குற இனத்தப் பொறுக்கி எடுத்து இனப்பெருக்கம் பண்ற ஆராய்ச்சி நடக்குது, செங்கடல் வடகோடியில அகாபா வளைகுடா பவளம் மத்ததை விட சூட்ட நல்லாவே தாங்குதுங்குறதும் உண்மை, இதுக்கெல்லாம் பணம் குடுங்க, தயங்காதீங்க. ஆனா தாங்குறதுக்கும் ஒரு எல்லை இருக்கு.

கரையோரத்துல செய்ய வேண்டியதும் நெறைய இருக்கு. சாக்கடையும் வயல்லேந்து வர்ற உரத் தண்ணியும் கடல்ல கலந்தா பவளம் இன்னும் கம்மியான சூட்டுலயே வெளுக்குது, அதனால சுத்திகரிப்பு நிலையம் கட்டுறதும் பவளத்துக்குச் செய்யுற வைத்தியம்தான். பவளத்துக்குள்ள குடியிருக்குற பாசி வேற, பாறை மேல படர்ற பாசி வேற, இந்த ரெண்டாவத கிளிமீன் மேஞ்சாத்தான் புதுப் பவளக்குஞ்சு ஒட்டிக்க எடம் கெடைக்கும், பெலீஸ் நாடு 2009லயே அந்த மீனப் பிடிக்கத் தடை போட்டுச்சு. நங்கூரத்த பாறை மேல போடாம படக மிதவைல கட்டச் சொல்லுங்க. பவளத்துக்குக் கெடுதல்னு சொல்ற சன்ஸ்கிரீனுக்குத் தடையும் வரட்டும், ஆனா அத ஒண்ண மட்டும் பெருசாப் பேசிட்டு நிலக்கரிய விட்டுடாதீங்க, வெளுப்புக்கு முக்கியக் காரணம் சூடுதான்.

ஏன்னா பூமில சேர்ற கூடுதல் வெப்பத்துல 90 சதவீதத்துக்கு மேல கடல்தான் வாங்கிக்குது. பூமியோட சராசரி சூடு தொழிற்புரட்சிக்கு முன்னாடி இருந்தத விட 1.5 டிகிரி ஏறுனா பவளப்பாறைல 70லேந்து 90 சதவீதம் போயிடும், 2 டிகிரின்னா 99 சதவீதத்துக்கும் மேலன்னு ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018லயே சொல்லிடுச்சு, 2024ங்குற அந்த ஒத்தை வருஷம் மட்டும் பாத்தா 1.5ஐ தாண்டியாச்சு. அதுக்காக எல்லாம் முடிஞ்சுதுன்னு கைய விரிக்காதீங்க. ஒவ்வொரு பத்துல ஒரு பங்கு டிகிரியும் பவளத்துக்குக் கெடைக்குற வருஷக் கணக்கு.

2023ல துபாய்ல நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூணையும் சேத்து இதுலேந்து விலகணும்னு முதல் தடவையா எழுதுனீங்க. அதுக்குத் தேதி போடுங்க, எந்த நாடு எந்த வருஷத்துக்குள்ள எவ்வளவு கொறைக்கும்னு எழுதுங்க. வசதியில்லாத தீவு நாடுங்க தங்களோட பாறையக் காப்பாத்த கேக்குற பணத்த கடனா இல்லாம மானியமா குடுங்க.

நோவா சேட்டிலைட் வச்சு போடுற அந்தச் சூட்டுக் கணக்கு வரைபடமா தினமும் வருது, காசு இல்லாம யார் வேணா பாக்கலாம், அடுத்த பேச்சுவார்த்தை தொடங்குறப்ப அன்னன்னிக்கு உள்ளத ஹால்ல பெரிய ஸ்கிரீன்ல போட்டுட்டு, அது எல்லார் கண்ணுலயும் பட்டுட்டே இருக்கும்போது பேசுங்க.

இப்படிக்கு,
பவளத்த நேசிக்குற ஒருத்தர்