பிரேக்கைச் சாசனத்தில் எழுதினால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு வரவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்பதை அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜெர்மனி 2009-ல் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. மத்திய அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறை (பொருளாதார ஏற்ற இறக்கத்தால் வருவதைக் கழித்த பிறகு மிஞ்சும் பற்றாக்குறை) ஜிடிபியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பேரே 'கடன் பிரேக்'. (அவர்கள் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே வேர்ச்சொல், அதுவும் ஒரு காரணமோ என்னவோ.)

அப்புறம்? கொரோனாவுக்கென்று அனுமதித்த கடனில் மிஞ்சிய 6,000 கோடி யூரோவைப் பருவநிலை நிதிக்கு மாற்றப் போய், 2023 நவம்பரில் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட, மறு வருடமே பட்ஜெட் சண்டையில் நிதியமைச்சர் பதவி பறிபோய்க் கூட்டணியும் உடைந்தது.

2024 செப்டம்பரில், விடிவதற்கு முன்பே, அங்கே டிரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி டிராம் தண்டவாளத்தோடு எல்பே ஆற்றில் விழுந்தது. உள்ளேயிருந்த கம்பி அரித்ததுதான் காரணம், அதைக் கடன் பிரேக்கின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் தள்ளிப்போட்ட பராமரிப்பும் கடன்தானே, பட்ஜெட் தாளில் தெரியாது, அவ்வளவுதான்.

கடைசியில் 2025 மார்ச்சில் அதே சாசனத்தைத் திருத்தி, ராணுவத்துக்குப் பெரிய விலக்கும் கட்டுமானத்துக்கு 50,000 கோடி யூரோ தனிக் கடனும் கொடுத்தார்கள். சரி, இஷ்டத்துக்குக் கடன் வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. வரம்பு நம் 2003 நிதிப் பொறுப்புச் சட்டம் மாதிரி சாதாரணச் சட்டமாகவே இருக்கட்டும்.

ஒரு வாசகர், திருச்சி