ஓர் அடிமைச் சிறுமியின் கிரயப் பத்திரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மேற்கு பால்கன் பகுதியில் வாழ்ந்த இல்லிரியப் பழங்குடிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ரோமுக்கு எதிராக அவர்கள் தலைவன் பாட்டோ நடத்திய கிளர்ச்சி கி.பி. 9இல் ஒடுங்கியதைச் சொன்ன கையோடு, அம்மண் ரோமுக்குத் தந்த ஆரேலியன், டயோக்ளீஷியன் முதலிய பேரரசர்களிடம் போய்விட்டது. இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டுகளில் சாதாரண இல்லிரியர் எப்படி வாழ்ந்தனர் என்பதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

"மந்தையைக் காக்க நாய்களையும் மேய்ப்பர்களையும் அனுப்பாமல் ஓநாய்களை அனுப்பினீர்கள்" என்று கிளர்ச்சிக்கான காரணமாக பாட்டோ ரோமப் படைத்தலைவர் திபேரியஸிடம் சொன்னதாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். தோற்ற பிறகும் வரி ஓயவில்லை. இளைஞர்கள் ரோமின் துணைப்படைகளில் சேர்ந்து பிரிட்டன் வரை சென்றனர். தம் மலைகளையே தோண்டி ரோமுக்குப் பொன் எடுத்துக் கொடுத்தனர்.

சுரங்க வேலையில் கைதேர்ந்த பிருஸ்தே என்னும் இல்லிரியக் குடியினர், 106இல் டாசியா ரோமின் வசமானதும் அங்கிருந்த அல்பர்னஸ் மயோர் தங்கச் சுரங்கங்களில் குடியேறினர். இன்றைய ருமேனியாவில் உள்ள அவ்வூர்ச் சுரங்கங்களில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கிடைத்த, மெழுகு பூசி எழுதிய மரப் பலகைகளுள் ஒன்று, 139 மார்ச் 17 தேதியிட்ட கிரயப் பத்திரம். வெர்சோவின் மகனான தாசியஸ் என்ற பிருஸ்தே, ஏறக்குறைய ஆறு வயதுள்ள பாசியா என்னும் சிறுமியை, பாட்டோ என்பவரின் மகன் மாக்சிமஸுக்கு 205 தெனாரியஸ் என்னும் ரோம வெள்ளி நாணயங்களுக்கு விற்கிறார். சிறுமி நோயற்றவள், திருட்டுக் குற்றம் இல்லாதவள், ஓடிப்போகிறவள் அல்லள் என்று உறுதி கூறி, வேறு எவரேனும் உரிமை கோரி அவளை மீட்டுக்கொண்டால் இரட்டிப்புத் தொகை தருவதாகவும் ஒப்புக்கொள்கிறார். நம் பத்திரங்களில் வில்லங்கத்துக்குப் பொறுப்பேற்கும் அதே வாசகம்! எனக்குள் அந்தக் குழந்தைக்காக வேதனை எழாமல் இதைப் படிக்க முடிந்ததில்லை.

கிளர்ச்சித் தலைவனின் பெயரைத் தாங்கிய ஒருவர் தம் மகனுக்கு லத்தீன் பெயர் வைத்திருக்கிறார். விற்பவரோ ரோமச் சட்டத்தின்படி எழுதிய பத்திரத்திலும் தம் குடிப்பெயரை விடவில்லை. இல்லிரிய மொழியில் ஒரு வாக்கியங்கூட எழுத்தில் எஞ்சாத நிலையில், அம்மக்களின் அன்றாடத்தை இத்தகைய பலகைகளையும் கல்லறைக் கற்களையும் கொண்டுதான் அறிய வேண்டியிருக்கிறது. கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாயின், அரண்மனையை விட்டுச் சுரங்கத்துக்குள் எங்களை அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்