கதையை ஒதுக்கி வைத்துவிட்டுப் படம் பார்க்கச் சொல்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்க உன் மாணவர்களுக்கு ஆறு வாரம் கிடைத்திருக்கிறது, அதில் இரண்டு வாரம் படம் பார்த்தே போய்விட்டது, இன்னும் ஒரு கருவும் கைக்கு வரவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே எல்லோரும் நலம். மற்ற சேதிகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு நேரே உன் கேள்விக்கு வருகிறேன்.

அவர்கள் படம் பார்ப்பதில் தப்பே இல்லை. எதைப் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். இரண்டரை மணி நேரப் படத்தைப் பார்த்த சூட்டில் ஐந்து நிமிடத்துக்குக் கதை யோசித்தால் அந்தப் படத்தின் ட்ரெய்லர்தான் வரும்: ஒரு பிரிவு, ஒரு துரோகம், ஒரு சாவு, எல்லாவற்றையும் ஒட்டவைக்க ஒரு பின்னணிக் குரல். ஐந்து நிமிடத்தில் ஒருவருடைய வாழ்க்கை அடங்காது. அவர் எடுக்கும் ஒரு முடிவு அடங்கும். ஆகவே 3 முதல் 15 நிமிடத்துக்குள் முடியும் படங்களை மட்டும் பார்க்கச் சொல். வாரத்துக்கு மூன்று போதும், ஆனால் ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்க்க வேண்டும்.

முதல் முறை குறிப்பே எடுக்காமல் முழுதாகப் பார்க்கட்டும். முடிந்ததும் மனம் அசைந்த இடம் ஒன்றே ஒன்றை எழுதிக்கொள்ளட்டும். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வசனம் இல்லாமலே எவ்வளவு புரிகிறது என்பது அப்போதுதான் தெரியும். மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்க வேண்டும். மாணவர் படங்கள் காட்சியைவிட ஒலியில்தான் அதிகம் கெடுகின்றன. எங்கே இசை நிற்கிறது, எங்கே வெறும் அறையின் ஓசை மட்டும் இருக்கிறது என்று காது பழகிவிட்டால் அந்தப் பிழைகளில் பாதி வராது.

பிறகு, மனம் அசைந்த அந்த இடத்தைச் சுற்றி ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து ஷாட் ஷாட்டாக, அதாவது நடுவே வெட்டாமல் ஓடும் துண்டு துண்டாக, பிரிக்கச் சொல். இதுதான் உண்மையான வேலை. யூடியூபில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு தனிப்படம், முன்னால் நகரும், காற்புள்ளி விசை ஒரு ஃப்ரேம் பின்னால் கொண்டுபோகும். வி.எல்.சி. பிளேயரில் ஆங்கில ‘E’ விசை ஃப்ரேம் ஃப்ரேமாக முன்னே நகர்த்தும். ஒரு தாளில் கட்டம் போட்டு ஷாட் எண், எத்தனை விநாடி, வைட்டா (இடம் முழுதும் தெரிவது) மிட்டா (இடுப்புக்கு மேல்) க்ளோசப்பா (முகம் மட்டும்), கேமரா அசைகிறதா, என்ன கேட்கிறது என்று எழுதட்டும். கடைசிக் கட்டம்தான் முக்கியம்: இந்த ஷாட் வந்ததால் நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது? பெரும்பாலானவர்கள் அதை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். நீ விடாதே. ஒரு ஷாட் ஏன் இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களுக்குத் தங்கள் படத்தில் எதை வெட்டுவது என்றும் தெரியாது.

இந்தக் கணக்கு திட்டமிடவும் உதவும். அந்த ஒரு நிமிடத்தில் 10 ஷாட் இருந்தால் சராசரி 6 விநாடி. அதே வேகத்தில் ஐந்து நிமிடப் படத்துக்கு 50 ஷாட் வேண்டும். விளக்கு மாற்றி, ஒத்திகை பார்த்து, அதையே மூன்று நான்கு முறை (டேக்) எடுக்க ஒரு ஷாட்டுக்கு 20 நிமிடம் என்று வை. எட்டு மணி நேரத்தில் 24 ஷாட் முடியும், அதாவது 50 ஷாட்டுக்கு இரண்டு முழு நாளுக்குச் சற்று மேல். கையில் ஒரு நாள்தான் என்றால் ஷாட்டின் எண்ணிக்கையைக் குறைத்து நீளத்தைக் கூட்டும் படங்களைத் தேடிப் பார்க்கட்டும்.

படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கதை அல்ல. அந்த இயக்குநர் எந்தத் தடையில் மாட்டினார், எப்படி வெளியே வந்தார் என்பதுதான். 1964-இல் சத்யஜித் ராய் எடுத்த ‘டூ’ குறும்படத்தை நீயே அவர்களுக்குப் போட்டுக் காட்டு. அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு படம் கேட்டார்கள். அவர் வசனமே இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குள் ஒரு பணக்காரப் பையன், வெளியே ஓர் ஏழைப் பையன், நடுவில் ஒரு ஜன்னல். பேச்சுக்குப் பதில் பொம்மைகளும் ஓசைகளும் மோதிக்கொள்கின்றன. நடிப்பவர்கள் இரண்டே பேர், இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வசனம் பதிவு செய்யும் தொல்லை இல்லை. மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன 15 நிமிடத்தைத் தாண்டினாலும் இன்னொன்றையும் காட்டு: 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் எடுத்த 28 நிமிடப் படமான ‘லா ஜெத்தே’, ஒரேயொரு சிறு அசைவைத் தவிர முழுக்க முழுக்கப் புகைப்படங்களால் ஆனது. நல்ல வீடியோ கேமரா இல்லை என்று புலம்பும் குழுவுக்கு அது ஒன்று போதும்.

ஆகவே படத்துக்கு முன் ஒரு பட்டியல்: எந்த இடம் அனுமதியோடு கிடைக்கும், யார் நடிக்க வருவார்கள், என்ன பொருள் கையில் இருக்கிறது, எந்த நேர வெளிச்சம் கிடைக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிரித்துப் பார்த்த உத்தி ஒன்றை இந்த இடத்தில், இந்த ஆளோடு செய்தால் என்ன நடக்கும் என்று கேட்கட்டும். கரு அங்கேதான் பிடிபடும்.

எழுத உட்காரும் முன் இரண்டு பயிற்சி. முதலாவது, சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1895-இல் எடுத்தது போல 50 விநாடிக்கு ஒரே ஷாட், கேமரா அசையக் கூடாது, கட் கூடாது. திரையின் கட்டத்துக்குள் யார் எப்போது வருகிறார், எப்போது போகிறார் என்று பார்க்கக் கண் பழகும். இரண்டாவது, பிரித்த அந்த ஒரு நிமிடத்தை அப்படியே போனில் மறுபடி எடுத்துப் பார்ப்பது. இது வெளியே காட்டுவதற்கல்ல, கற்றுக்கொள்ள மட்டும்.

நகலெடுக்கும்போது பிழைகள் தாமாக வெளியே வரும். போனின் முதன்மை லென்ஸ் நல்ல வைட் (அகலமாகப் பிடிப்பது), பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. அளவு, க்ளோசப்புக்காக முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும். பின்னால் நகர்ந்து, இருந்தால் தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸில் எடுக்க வேண்டும். எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை) பூட்டாமல் எடுத்தால் ஆள் நகரும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும். இரண்டு பேர் பேசும் காட்சியில் கேமரா அவர்களுக்கு நடுவே உள்ள கற்பனைக் கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது போலத் தெரியும். எல்லாவற்றையும்விட எடிட்டிங்கில் அழவைப்பது, ‘ஆக்‌ஷன்’ சொன்னதும் தொடங்கி வசனம் முடிந்ததும் நிறுத்திவிடும் பழக்கம். முன்னும் பின்னும் 5 விநாடி ஓடட்டும். கதவைத் திறப்பது போன்ற அசைவு இரண்டு ஷாட்டிலும் முழுதாக இருந்தால்தான் அசைவின் நடுவே கட் செய்ய முடியும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 30 விநாடி அறை ஓசையைத் தனியாகப் பதிவு செய்யச் சொல். வசனங்களுக்கு இடையே விழும் பள்ளத்தை நிரப்ப அது இல்லாமல் முடியாது.

பிடித்த படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டு எடிட் செய்ய மட்டும் அனுமதிக்காதே. அந்த இசைக்கே கட் பழகிவிடும், பிறகு எடுத்துவிட்டால் காட்சி நொண்டும். உரிமை இல்லாமல் விழாக்களுக்கு அனுப்பவும் முடியாது.

இந்த வாரம் திரைக்கதை எதுவும் கேட்காதே, ஷாட் பிரித்த தாள்களை மட்டும் வாங்கு. அவற்றில் இரண்டு மூன்றை எனக்கும் அனுப்பு. கடைசிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்