லேபிளில் ஓர் ஆண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

பீர் விளம்பரங்களில் இப்போதெல்லாம் பீரைவிடத் தாத்தா காலத்துக் கதைதான் அதிகம். ஸ்டெல்லா ஆர்டுவா என்ற பீர் தன் அடையாளமாகக் காட்டும் ஆண்டு 1366. பெல்ஜியத்தின் லூவன் நகரில் டென் ஹூர்ன் என்ற பீர் ஆலை இருந்ததைச் சொல்லும் பழைய பதிவின் ஆண்டு அது. செபாஸ்டியன் ஆர்டுவா ஆலையை வாங்கித் தன் பெயரைச் சூட்டியது 1717-இல். ஸ்டெல்லா என்ற பீரோ 1926-இல்தான் வந்தது, அதுவும் கிறிஸ்துமஸ் சரக்காக! பொய் எதுவும் இல்லை, சரி. ஆனால் பாட்டிலைக் கையில் எடுப்பவர் அறுநூறு வருடப் பழைய பீர் என்றுதானே நினைப்பார்?

கின்னஸ் பீரின் கதை இன்னும் ருசியானது. 1759-இல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் ஒரு பீர் ஆலையை 9,000 வருடக் குத்தகைக்கு எடுத்துக் கையெழுத்துப் போட்டார், வருடத்துக்கு 45 பவுண்டு. நிஜமாகவே நடந்தது, எனக்கும் பிடித்த கதைதான். அப்புறம் நிறுவனம் அந்த இடத்தை விலைக்கே வாங்கிவிட்டது, குத்தகைக்கு வேலையில்லாமல் போனது. கதையின் இந்தப் பாதியை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

பழம்பெருமை பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. லேபிளில் போடும் ஆண்டு ஆலையின் வயதா, பீரின் வயதா என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்க்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்