காலாண்டு விடுமுறையில் ஒரு மொட்டைமாடி வேலை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறைக்கு நோட்டில் எழுதிவரும் வேலை எதுவும் இந்த முறை தரவில்லை. மழைக்கு முன் வீட்டுச் செடிகளைச் சரிசெய்வதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். "எங்க வீட்ல தோட்டத்துக்கு ஏது மிஸ் இடம்?" என்பீர்கள். தண்டையார்பேட்டையில் யாருக்குத்தான் இருக்கிறது? படிக்கட்டில் பெயின்ட் டப்பாவில் துளசி, மாடியில் காசிமேட்டு மீன் பெட்டியில் கீரை, ஜன்னலோரம் பாட்டிலில் மணி பிளான்ட். அவற்றைத்தான் சொல்கிறேன்.

நம் ஊருக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது தொட்டியின் அடி ஓட்டை. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கீழே வழியாவிட்டால் கம்பியால் குத்திவிட வேண்டும். தெர்மாகோல் மீன் பெட்டிக்குப் பலர் ஓட்டையே போடுவதில்லை. வெயில் காலத்தில் எப்படியோ ஓடிவிடும், ஐப்பசியில் வேர் அழுகும். இலை மஞ்சளானதும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், செடி போய்விடும்.

கோடை முழுக்க போர் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் மண் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது உப்பு. மேல்மண்ணை ஒரு விரற்கடை சுரண்டிவிட்டுப் புதுச் செம்மண் போடுங்கள். ஓட்டை சரியாக இருந்தால் மிச்ச உப்பை மழையே கழுவிவிடும். உரம் இப்போது வேண்டாம். அதுவும் சேர்ந்தே கழுவிக்கொண்டு போகும்.

அடுத்தது நான் வெட்கப்பட்ட கதை. போன வருஷம் பிரேயரில் டெங்கு பற்றி நீளமாகப் பேசிவிட்டு அறைக்கு வந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் மேஜையைக் காட்டி, "மிஸ், உங்க மணி பிளான்ட் பாட்டில்ல புழு நெளியுது" என்றாள். நான் தண்ணீரை மாற்றாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஏடிஸ் கொசு நீர்மட்டத்தை ஒட்டி, பாத்திரத்தின் உட்சுவரில்தான் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, நனைந்ததும் பொரியும். ஆகவே வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, உள்ளே பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை மழை முடியும்வரை எடுத்தே வைத்துவிடுங்கள்.

கைப்பிடிச் சுவர் மேலிருக்கும் தொட்டிகளை இந்த வாரமே தரையில் இறக்குங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மாடியிலிருந்து விழுந்த தொட்டி ஒரு ஆட்டோவின் கூரையைக் கிழித்தது. நல்லவேளை, உள்ளே ஆளில்லை.

வாசலில் முருங்கை வைத்திருப்பவர்கள் காற்று மழைக்கு முன் கிளையைக் கழித்துவிடுவது நல்லது. அது சட்டென்று முறியும் மரம். இது பெரியவர்கள் வேலை. கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் நீங்களும் கை வைக்காமல் மின்வாரியத்திடம் சொல்லுங்கள். வெட்டிய கிளையில் கைத்தடி கனத்தில் ஒரு போத்தை எடுத்து, மேல் முனையில் சாணி அப்பி நட்டால் துளிர்த்துவிடும்.

பள்ளி திறக்கும் நாளில், வீட்டில் கழித்த ஓமவல்லித் தண்டு இருந்தால் ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புங்கள். சமையற்கூடத்துக்குப் பின்னால் இடம் ஒதுக்கியிருக்கிறேன். யார் வீட்டிலாவது ஊதா டிசம்பர் பூ கன்று இருந்தால், அதில் ஒன்று எனக்கு.

இப்படிக்கு,
தலைமையாசிரியை