பேண்டிலிருந்து தொடங்கு

மதுரை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். டெல்லிக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

ஆபீசுக்குப் புதிதாக என்ன எடுக்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றுமே கோட். கீழே என்ன பேண்ட் என்று ஒரு படத்திலும் தெரியவில்லை. கோட்டை முடிவு செய்துவிட்டு அப்புறம் அதற்குப் பேண்ட் தேடுவதுதான் நம் ஆட்களின் வழக்கம். ஆபீசில் கோட் பாதி நாள் நாற்காலி முதுகில் தொங்கும். பேண்டும் சட்டையும்தான் காலையிலிருந்து ராத்திரி வரை உன் மேல் கிடக்கும். இங்கே சித்திரைத் திருவிழாவுக்கு வந்தால் கேட்கவே வேண்டாம், அந்த வெயிலில் கோட்டை யார் தொடப்போகிறார்கள்? அதனால் பணத்தை முதலில் பேண்டில் போடு. கோட் ஒன்று போதும், அதுவும் கடைசியில்.

கடைக்குப் போவதற்கு முன்னால் பீரோவைத் திற. எந்தெந்தச் சட்டை காலர் மடிப்பில் நைந்திருக்கிறது என்று பார். அவைதான் நீ யோசிக்காமல் கையில் எடுப்பவை. மடிப்புக் கலையாமல் கிடப்பதெல்லாம் யாரோ சொல்லி வாங்கியது, அல்லது கல்யாண வீட்டில் வைத்துக் கொடுத்தது. நைந்தவற்றை மட்டும் கட்டிலில் பரப்பு. பிளெயினா, கோடா, கட்டமா? வெளிர் நிறமா, அடர் நிறமா? எனக்குத் தெரிந்து உனக்கு வெளிர் நீலமும் பொடிக் கோடும் பிடிக்கும், பெரிய கட்டம் ஆகாது. வேட்டியில்கூடக் கரை ஒரு விரல் அகலத்தைத் தாண்டினால் கட்சிக்காரர் மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவாய். அப்படிப்பட்டவனுக்கு நீ அனுப்பிய இரண்டாவது படம், பளபளக்கும் துணியும் சிவப்பு நூலில் காஜாவும் எடுத்த அந்தக் கோட், ஒரு மாதத்தில் அலுத்துவிடும். அது கெட்ட கோட் என்று சொல்லவில்லை. உன்னுடையது இல்லை.

நிறம் பார்ப்பதற்குக் கடை விளக்கை நம்பாதே. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் கருநீலமும் கறுப்பும் வெளியே வந்தால் வேறு வேறு. இங்கே விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றால் முகம் சுளிக்க மாட்டார்கள், டெல்லியிலும் கேள். புறங்கையில் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை, தாடைக்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் பார். நம் மாநிறத்துக்குச் சந்தன நிறம், காக்கி, வெளிர் பழுப்பு எல்லாம் முகத்துக்குப் பக்கத்தில் வந்தால் தோலோடு கரைந்து ஆளையே மங்கலாக்கும். அவற்றைப் பேண்டுக்கு இறக்கிவிடு, பிரமாதமாக இருக்கும். வெள்ளை, வெளிர் நீலம், ரோஸ், அடர் மெரூன் இவை மேலே தாராளமாக வரலாம்.

வெள்ளையிலேயே ஒரு சிக்கல் உண்டு. நம் கல்யாண வீடுகளில் பார், பட்டு வேட்டி இளமஞ்சள் சாயல் கொண்டது. அதற்கு மேல் சொட்டு நீலம் போட்டு வெளுத்த பளீர் வெள்ளைச் சட்டை போட்டால் வேட்டி அழுக்கானது போலத் தெரியும். குற்றம் வேட்டியிலும் இல்லை, சட்டையிலும் இல்லை. நீலச் சாயல் வெள்ளையும் மஞ்சள் சாயல் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான் கோளாறு. பட்டு வேட்டிக்குக் கிரீம் சட்டை, பருத்தி வேட்டிக்கு வெள்ளைச் சட்டை. வெளிர் நிறப் பேண்டுக்கும் இதே கணக்குதான். கிரீம் பேண்டுக்கு மேல் பளீர் வெள்ளையைப் போடாதே, வெளிர் நீலம் போடு.

இனி எடுக்க வேண்டியது. மூன்று பேண்ட்: நடுத்தரச் சாம்பல், காக்கி, அடர் பழுப்பு. நான்கு சட்டை: வெள்ளை ஒன்று, வெளிர் நீலம் இரண்டு, வெள்ளையில் பொடி நீலக் கோடு ஒன்று. கோட் ஒன்று, கருநீலத்தில். இதில் எதை எதோடு எடுத்தாலும் சேரும். கருநீலப் பேண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இரண்டு கருநீலம் ஒரே சாயத்தில் அமையாது, இரண்டு வேறு சூட்டிலிருந்து எடுத்துப் போட்ட மாதிரி இருக்கும். கறுப்புக் கோட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பகல் வெளிச்சத்தில் முகத்தை இறுக்கமாகக் காட்டும், தூசி ஒவ்வொன்றும் தெரியும், பழுப்புச் செருப்போ ஷூவோ எதுவும் அதோடு ஒட்டாது.

பேண்ட் அமைப்புக்கு வருகிறேன். இன்றைக்கு ரெடிமேடில் வருகிற பல பேண்ட் இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கிறது. அதற்கு மேல் கோட் போட்டால், கோட்டின் பட்டனுக்குக் கீழே சட்டை ஒரு முக்கோணமாக எட்டிப் பார்க்கும். எவ்வளவு விலை கொடுத்த கோட்டாக இருந்தாலும் அந்த முக்கோணம் அதைக் கெடுத்துவிடும். பேண்டிலிருந்து தொடங்கு என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். இடுப்புப் பட்டியின் மேல்நுனியிலிருந்து கால் சேருமிடம் வரை முன்பக்கம் அளந்தால் உன் 34 இன்ச் இடுப்புக்கு 10½ முதல் 11 இன்ச் இருக்க வேண்டும். பட்டி தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே உட்காரும். பாட்டம், அதாவது கால் நுனிச் சுற்றளவு, 15½ இன்ச் வை. 14க்குப் போனால் கெண்டைக்கால் பிடித்துப் பின்பக்கம் சுருங்கும், 17 என்றால் ஷூவை மூடும்.

போட்டுப் பார்க்கும்போது நின்றால் போதாது, உட்கார்ந்து எழு. பக்கப் பாக்கெட் வாய் பிளந்து நின்றால் ஹிப் பிடிக்கிறது. சீட்டுக்குக் கீழே குறுக்குக் கோடு விழுந்தாலும் பிடிப்புதான், அரை இன்ச் பிரிக்கச் சொல். துணி அங்கே தொளதொளவென்று தொங்கினால் பின்தையலில் பிடிக்கச் சொல். இப்படிப் பிரிக்க இடம் வேண்டுமே, அதனால் தைக்கக் கொடுக்கும்போதே நடுப்பின் தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை இன்ச், கீழ் மடிப்பில் மூன்று இன்ச் துணி உள்ளே விடச் சொல். ரெடிமேடில் இந்த இடத்தைத்தான் மிச்சம் பிடிப்பார்கள். உள்ளே திருப்பிப் பார்த்தால் ஓவர்லாக் ஓரத்துக்கு அப்புறம் ஒன்றும் இருக்காது. நீளம் ஷூவின் மேல் ஒரே ஒரு மடிப்பு விழும் அளவு. கீழ் விளிம்பு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அரை இன்ச் இறங்கட்டும்.

அளவு: 58 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) பேண்டுக்கு 1.25 மீட்டர், முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர். 36 இன்ச் பன்னா என்றால் சட்டைக்கு 2.25 மீட்டருக்குக் குறையாமல் எடு. பருத்தி, லினன் இரண்டையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். பின்கழுத்து நடுவிலிருந்து மணிக்கட்டு வரை அளந்த 33 இன்ச் கைநீளத்தில் அது ஒரு இன்ச்சும் அதற்கு மேலும். புதுச் சட்டை மூன்றாவது சலவையில் மணிக்கட்டுக்கு மேல் ஏறிவிடுவது இதனால்தான், தையல்காரர் மேல் பழி போடாதே.

கம்பளி என்றால் சூடு என்பது ஊர் முழுக்க இருக்கிற நினைப்பு. நன்றாக முறுக்கிய நூலில் சாதா நெசவாக நெய்த கம்பளி, சதுர மீட்டருக்கு 250 முதல் 280 கிராம், காற்றை உள்ளே விடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பொடிக் கண்ணாகத் தெரியும். கைக்குள் பத்து விநாடி கசக்கி விட்டால் மடிப்பு தானாக விரிந்துவிடும். பாலியஸ்டர் பாதிக்கு மேல் கலந்த துணி கசங்காதுதான். ஆனால் வியர்வையை உள்ளேயே நிறுத்தும், இஸ்திரி சூட்டில் சீட்டும் முட்டியும் கண்ணாடி மாதிரி மினுங்க ஆரம்பிக்கும். அந்த மினுக்கம் போகவே போகாது. கம்பளியில் சூப்பர் 150 என்று கடைக்காரர் பெருமையாக எடுத்து வைப்பார். எண் ஏற ஏற இழை மெலிசு, சூப்பர் 100 என்றால் சுமார் 18.75 மைக்ரான், 150 என்றால் சுமார் 16.25. தொட்டால் சுகம்தான், ஆனால் மெட்ரோவில் ஏறி இறங்குகிற உனக்குத் தொடை இடுக்கில் சீக்கிரம் தேயும். 100, 110 போதும். டெல்லி ஜனவரிக்காகச் சாம்பல் பேண்டை மட்டும் 320 கிராம் அளவில் பிளானலில் (மெத்தென்ற தடித்த கம்பளி) எடு.

பின்னால் சூட் எடுத்தால் 3.25 மீட்டர், இரண்டாவது பேண்டுக்கு இன்னொரு 1.25. ஒரே தானில் (துணிச் சுருளில்), ஒரே நேரத்தில் வெட்டி வாங்கு. அடுத்த தான் அடுத்த சாயம். கோட்டுக்கு முன்னால் பேண்ட் தேய்ந்துவிடும், இரண்டாவது பேண்ட் இல்லாவிட்டால் கோட் அநாதை.

கோட்டில் தோளை மட்டும் நூற்றுக்கு நூறு பார்த்து வாங்கு, மற்றவற்றில் பலவற்றை ஆல்டர் செய்யலாம். சுவரோரம் பக்கவாட்டாக நின்று மெல்லச் சாய். கையின் மேற்புறம் சுவரைத் தொடும் முன்பே கோட்டின் தோள் இடித்து மடங்கினால் அகலம் அதிகம். கழுத்துக்குப் பின்னால் சட்டைக் காலருக்கும் கோட் காலருக்கும் நடுவே விரல் நுழைந்தாலும் வேண்டாம். பட்டன் போட்டதும் பெருக்கல் குறி போலச் சுருக்கம் இழுத்தால் இடுப்பில் பிரிக்க வேண்டும். கையில் அரை இன்ச் சட்டைக் கஃப் வெளியே தெரியட்டும், கோட் நீளம் சீட்டை மூடட்டும். இரண்டு பட்டன் கோட்டில் கீழ்ப் பட்டனைப் போடுவதில்லை.

கோட்டுக்கு வடிவம் தர உள்ளே வைக்கும் துணி, தைத்து வைத்த கேன்வாஸா, பசை போட்டு ஒட்டியதா என்று கேள். பதில் மழுப்பலாக வந்தால் மார்புப் பக்கத்தில் மேல் துணியையும் உள் துணியையும் தனித்தனியே விரலால் கிள்ளி விலக்கு. நடுவே மூன்றாவதாக ஒன்று நகர்ந்தால் கேன்வாஸ். மேல் துணி அட்டை போலப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒட்டியது. ஒட்டியது டிரை கிளீன் போகப் போகப் பசை விட்டு மார்பில் கொப்புளம் கட்டக்கூடும், அதைச் சரி செய்வது கஷ்டம். மார்பு வரை கேன்வாஸ், முதுகில் பாதி லைனிங், இந்த இரண்டையும் கேட்டு வாங்கு. முழு பாலியஸ்டர் லைனிங் போட்டால் நல்ல கம்பளி எடுத்த பணம் வீண்.

டை சட்டையைவிட அடர்ந்த நிறத்தில், 3 முதல் 3½ இன்ச் அகலத்தில், நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் சரி. சட்டையில் பொடிக் கோடு இருந்தால் டையில் பொடிக் கோடு வேண்டாம், பெரிய கோடோ பிளெயினோ போடு. சாக்ஸ் பேண்ட் நிறத்தில். ஷூ முதலில் அடர் பழுப்பு, பெல்ட்டும் அதே பழுப்பு. சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்கு. ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் போடாதே, வியர்வை உலரத் தோலுக்கு ஒரு நாள் வேண்டும்.

பேண்டை ஊருக்கு வரும்போது இங்கே கொடுத்துவிடலாம். புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையல் கடைகளில் நீளம் மடிப்பது, இடுப்புப் பிடிப்பது போன்ற வேலைகளுக்கு அலைச்சல் இல்லை. கோட் என்றால் மூன்று வாரமும் இரண்டு ட்ரையலும் வேண்டும். தீபாவளிக்கு முந்தின மாதம் எந்த மாஸ்டரிடமும் கோட் வேலை கொடுக்காதே.

இப்போதைக்கு உன்னிடம் உள்ள பேண்டில் நன்றாகப் பொருந்துவதைப் போட்டுக்கொண்டு முன், பின், பக்கம் என மூன்று போட்டோ அனுப்பு. ஷூ போட்டுக்கொள், கையைத் தொங்கவிடு, பாக்கெட்டில் போனும் பர்சும் இருக்கக் கூடாது. கேமராவை இடுப்பு உயரத்தில் வைத்து எடுக்கச் சொல், மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரிந்து அளவு தப்பும்.

அன்புடன்,
அப்பா