மேடை ஏறாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

மாணவர் பேரவைச் செயலாளராக நான் எழுதும் கடைசி மடல் இது. மறுபடி நிற்கவும் முடியாது, கல்லூரி மாணவர் தேர்தல்களுக்கான லிங்டோ குழு விதிப்படி நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரு தடவைதான் போட்டியிடலாம். ஆண்டு விழாவில் சால்வை போர்த்தியவர்களுக்கெல்லாம் மேடையிலேயே நன்றி சொல்லியாயிற்று. இது மற்றவர்களுக்கு.

முதலில் தேர்தலை நடத்திய தமிழ்த்துறை ஐயா. 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அந்த விதிகளில், அச்சடித்த போஸ்டர் கூடாது, 5000 ரூபாய்க்கு மேல் செலவு கூடாது என்பதோடு எங்கள் அறிவு முடிந்துவிட்டது. ஐயாதான் எல்லாவற்றையும் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டி, இரண்டு வாரத்துக்குள் கணக்குக் கொடுக்கணும் என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார். டீச் செலவுகூட விடவில்லை. அப்போது கடுப்பாகத்தான் இருந்தது.

அப்புறம், என்னை எதிர்த்து நின்ற வணிகவியல் தோழி. முடிவு வந்த மறுநாளே பேரவை அறைக்கு வந்து, "சரி, ஓ.டி. லிஸ்ட்டை யார் பாக்கறது?" என்று கேட்டாள். ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாக வகுப்புக்கு வராதவர்களுக்கும் வருகை போடுவது. யாருமே தொட விரும்பாத வேலை அது. பறை ஒத்திகைக்குப் போனவனுக்கு ஓ.டி. ஏறாவிட்டால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விடும், அடுத்த வருஷம் அவன் தேர்தலில் நிற்க முடியாது, பரீட்சைக்கே சிக்கல் வரும். துறைவாரியாகப் பெயர் எழுதி எடுத்துக்கொண்டு, சார்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரமாகப் பார்த்துப் போய் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுவாள் (சாப்பிடும்போது யாரும் திட்டுவதில்லையாம்). ஜெயித்த எங்களைவிட அவள்தான் இந்தப் பேரவையை அதிகம் நடத்தினாள், இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கோலப்போட்டி அன்று மழை பிடித்துக்கொண்டபோது மேஜைகளை ஓரங்கட்டி இடம் கொடுத்த கேன்டீன் அண்ணனுக்கும், மறுநாள் நாங்கள் வாளியும் கையுமாகப் போனதைப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்தாதீங்கப்பா, சாயம் தரையில ஏறிடும், முதல்ல காய்ஞ்ச தொடப்பத்தால கூட்டுங்க" என்று கூடவே நின்று வேலை காட்டிய தூய்மைப் பணியாளர் அம்மாக்களுக்கும் பெரிய நன்றி. மைக் செட் அண்ணனுக்குப் பாக்கி முழுதும் கொடுத்தாயிற்று, பொறுத்துக்கொண்டதற்கு நன்றிண்ணா.

வரவு செலவு நூலக வாசலில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக் கேள்வி கேளுங்கள். அப்படியே, கேன்டீனிலிருந்து விழாவுக்கு எடுத்த எவர்சில்வர் தட்டுகளில் சில இன்னும் ஹாஸ்டலில் இருக்கின்றன, எடுத்தவர்கள் திங்கட்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.